டர்போ கட்சிக்குப் போனவர்

கார் பட்டறையில் அவளுக்குப் பிரிச்சுப்பாரு அக்கா என்று பெயர். வாசலில் காவல் இருப்பவர் முதல் முதலாளி வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. பெயரில் பொய் இல்லையே, பிறகு எதற்குக் கோபம்.

அந்தப் பட்டறைக்கு வருவதெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார்கள். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் வந்தால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பட்டறையின் பின்கட்டில் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று. அங்கே அவளும் அவளுடைய தையல் மெஷினும். வண்டிகளின் சீட்டுக்கு உறை தைப்பது அவள் வேலை. கிழிந்ததை ஒட்டுவாள், தொய்ந்ததை இழுப்பாள், உள்ளே அமுங்கிப்போன ஸ்பான்ஜை மாற்றுவாள். எந்தச் சீட்டு வந்தாலும் முதலில் அடித்தையலைப் பிரித்து உள்ளே கைவிட்டுத் துழாவாமல் ஊசியைத் தொட மாட்டாள்.

ஒரு தடவை ஒரு தரகர் பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, சீட்டு கம்பெனியில் வந்தது வந்தபடி இருக்கிறது, யார் கையும் படவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவள் கேட்டுக்கொண்டே தையலைப் பிரித்தாள். ஸ்பான்ஜ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தலையணை இருந்தது, பூப்போட்ட உறையோடு. தரகர் வாய் அடைத்துப்போய், "இது எப்படிம்மா உள்ள போச்சு?" என்றார்.

"தூக்கம் வந்திருக்கும். தானாப் போய்ப் படுத்திருக்கும்" என்றாள்.

வீட்டிலும் இதே கதைதான். மூடியிருப்பது எதுவானாலும் திறந்து பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் வீட்டுக்குப் போனபோது, பேச்சோடு பேச்சாக எழுந்து போய் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு வந்தவள் அவள். மகள் இன்றைக்கும் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆனால் வெளியூரில் நன்றாகத்தான் குடும்பம் நடத்துகிறாள். ஃபிரிட்ஜில் கெட்டுப்போனது எதுவும் இல்லையே.

இப்படிப்பட்டவள் இத்தனை வருஷத்தில் பிரித்துப் பார்க்காமல் விட்ட ஆள் ஒருவர்தான். அவளுடைய வீட்டுக்காரர். அவரிடம் எதையும் துழாவ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அதனால்தான் அந்த ஆள் கட்சி மாறியபோது அவளால் அதை லேசில் விட முடியவில்லை.

கட்சி என்றால் ஓட்டுப் போடுகிற கட்சி இல்லை. எஞ்சின் கட்சி. அவரும் அதே பட்டறையில்தான் வேலை. பழுது பார்த்த வண்டியை ஓட்டிப் பார்த்து, தேறியதா தேறவில்லையா என்று சொல்ல வேண்டியவர் அவர். மாலையில் ஒரு வண்டியை வீட்டுக்கே எடுத்து வருவார். ராத்திரி முழுக்க எஞ்சின் ஆறிக் கிடந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் இருமுகிறதா செருமுகிறதா என்று பார்ப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். எந்த வண்டியை எடுப்பது என்பது அவர் இஷ்டம்.

எஞ்சினில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தன் நெஞ்சுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு காற்றைத் தானே இழுத்துக்கொண்டு ஓடுவது. பட்டறையில் அதை நேச்சுரல் என்பார்கள். மற்றது டர்போ. எஞ்சினை விட்டு வெளியே போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும், அதோடு சேர்ந்து சுழலும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். சின்ன எஞ்சினுக்கும் பெரிய பலம் வந்துவிடும். ஆனால் பழைய டர்போக்களில் மிதித்தவுடன் பலம் வராது. புகை சேர்ந்து, சக்கரம் வேகம் பிடித்து, அப்புறம்தான் வண்டி முதுகில் அறைந்த மாதிரி பாயும்.

அவளுடைய தம்பி அங்கேயே எஞ்சின் மெக்கானிக். கல்யாணம் ஆகாதவன், ராத்திரிச் சாப்பாடு அக்கா வீட்டில். தம்பியும் வீட்டுக்காரரும் தட்டைப் போட்டு உட்கார்ந்தால் டர்போவைத் திட்டாமல் ஒரு வாய் உள்ளே போகாது.

"மிதிச்சா உடனே திரும்பி என்னன்னு கேக்கணும் மாப்ளே. அதுக்குப் பேரு எஞ்சின்" என்பார் அவர். "டர்போ நம்ம வீட்டம்மா மாதிரி. கூப்பிட்டுட்டு உட்கார்ந்திருக்கணும்."

"இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாருங்க, கரண்டியோட வரேன்" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கேட்ட பாட்டு இது. நேச்சுரல் பொய் சொல்லாது, டர்போ ஏமாற்றும். அப்படி இருந்த மனுஷன் ஒரு ராத்திரி தட்டைப் பார்த்தபடியே, "டர்போவும் ஒண்ணும் மோசமில்ல மாப்ளே. ஓட்ட ஓட்டப் பழகிடுது" என்றார்.

தம்பி மெல்லுவதை நிறுத்திவிட்டான். "மாமா, யாராவது உங்க வாயில வேற ஆளு பேச்சக் கொண்டுவந்து வெச்சுட்டாங்களா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு வாசலில் நின்றது டர்போ. அதற்கு முந்தின நாளும் டர்போ. யோசித்துப் பார்த்தால், குளிர் தொடங்கியதிலிருந்தே வீட்டுக்கு நேச்சுரல் வண்டி வரவே இல்லை. இத்தனை வருஷம் ஒரு பக்கம் நின்ற ஆள் சும்மா இந்தப் பக்கம் வருவாரா?

மறுநாள் எதிர்வீட்டுக்காரி குப்பை கொட்ட வந்தவள், கொட்டிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரர் தெனமும் வண்டிய நிறுத்திட்டு உள்ளயே உட்கார்ந்திருக்காரே, எஞ்சினையும் அணைக்காம. ஃபோன்ல யாரோடயாவது பேசிட்டிருப்பார் போல."

"ஃபோனைக் காதுல வெச்சிருந்தாரா?"

"அது தெரியலக்கா. தலையக் குனிஞ்சிட்டிருந்தார். எனக்கெதுக்கு ஊர் வம்பு."

ஊர் வம்பு வேண்டாம் என்றவள் தன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வண்டியின் உள்விளக்கு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அன்று மாலை அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வண்டி வந்தது. அடர்நீல டர்போ, பட்டறையில் வண்டி விட்டிருந்த ஒரு பல் டாக்டர் அம்மாவுடையது. நின்ற பிறகும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் இறங்கவில்லை. தலை குனிந்திருந்தது. பிறகு அணைத்தார், இறங்கினார், ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே வந்து கை கழுவினார்.

"வெளிய என்னங்க அவ்ளோ நேரம்?"

"டர்போம்மா அது. ஓடி வந்த சூட்டுல உள்ள அந்தச் சக்கரம் கொதிச்சிட்டிருக்கும். சட்டுனு அணைச்சா ஆயில் ஓட்டம் நின்னு, அங்கேயே கருகிடும். கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு, ஆறினப்புறம்தான் அணைக்கணும். நேச்சுரலுக்கு இந்த வேலையெல்லாம் இல்ல."

பதில் வழவழவென்று இருந்தது. அவளுக்கு வழவழவென்று இருக்கும் தையலைக் கண்டால் கத்தரிக்கோலைத் தேடுகிற குணம்.

மறுநாள் டீ நேரத்தில் தம்பியை ஓரமாகக் கூப்பிட்டாள். "டேய், டர்போவை நிறுத்தினதும் அணைக்கக் கூடாதா?"

"அடிச்சு ஓட்டியிருந்தா அணைக்கக் கூடாதுக்கா. மலை ஏத்தம், ரேஸு, அந்த மாதிரி. ஊருக்குள்ள மெதுவா உருட்டிட்டு வந்தா அது வழியிலேயே ஆறிடும். வந்த உடனே அணைக்கலாம். ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

சும்மாவா. அவள் தலைக்குள் இரண்டு வழி பிரிந்துவிட்டது. ஒன்று, ஊரார் வண்டியை இந்த வயதில் எங்கோ கொண்டுபோய் அடித்து ஓட்டுகிறார். இல்லை, மெதுவாக வந்துவிட்டு டர்போவின் பெயரைச் சொல்லி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஒரு பொய் நின்றது.

தம்பி அதோடு விடவில்லை. "அக்கா, மாமாவுக்கு ஒரு நல்ல சேதி. சிவப்பு வண்டி தெரியுமில்ல? நேச்சுரல், என் கையால எஞ்சினைப் பிரிச்சுக் கோத்தது. அத மலைக்கு அந்தப்பக்கம் வாங்கினவர் வீட்டுல கொண்டுபோய் விடணும். மாமாதான் போகணும்னு முதலாளிகிட்டச் சொல்லி வாங்கிட்டேன். வர்ற சனிக்கிழமை. மாமாவை டர்போ பிடிச்சு ஆட்டுது, இந்தச் சத்தத்தக் கேட்டா திரும்பி நம்ம பக்கம் வந்துடுவார்."

"அவரு சந்தோஷப்பட்டாரா?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "சரின்னார். ஆனா போன வாரம் அதே வண்டிய இங்க முற்றத்துல ஓட்டினார்க்கா, தவளை மாதிரி தாவுது. மிதிச்சுட்டு நிக்கிறார், அப்புறம் திடீர்னு அமுக்கறார். டர்போவுக்குக் காத்திருந்து காத்திருந்து காலு சோம்பேறி ஆயிடுச்சு. நான்தான் டர்போக்காலுன்னு பேரு வெச்சேன். பட்டறையே சிரிச்சுது."

அவள் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டர் அம்மாவே கொட்டகைக்கு வந்தார், சீட்டுக்கு நிறம் பார்க்க. அவள் துணிகளை விரித்துக்கொண்டே அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல நிறம், நல்ல செருப்பு, வயசு சொல்ல முடியாத முகம். பல் மட்டும் அவருடைய சொந்தப் பல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

"உங்க வண்டிய எங்க வீட்டுக்காரர்தான் ஓட்டிப் பாக்கறார்" என்று நூல் விட்டாள்.

"அவரா உங்க வீட்டுக்காரர்? போன வாரம் நானும் கூட உட்கார்ந்து வந்தேனே."

துணியில் செருகியிருந்த ஊசி விரலில் குத்தியது. "ஓ. நல்லாப் பேசுவாரே."

"எங்க பேசினார்? ஒரு வார்த்தை இல்ல. ஓட்டினது கூட அப்படித்தான். ஒரு சைக்கிள்காரன் எங்களை முந்திட்டுப் போனான். போறவன் சும்மா போகாம திரும்பிப் பாத்துச் சிரிச்சுட்டு வேற போனான். இதுக்கா இவ்ளோ செலவு பண்ணி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன்னு ஆயிடுச்சு." டாக்டர் அம்மா ஒரு சாம்பல் நிறத் துணியைத் தடவிப் பார்த்தார். "அவருக்குக் கடவாய்ப் பல்லுல ஏதாவது வலியா? வழி பூரா தாடைய இறுக்கிக் கடிச்சிட்டே வந்தார். ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, பாக்கறேன்."

பெண் சங்கதி அங்கேயே செத்தது. வேக சங்கதியும் செத்தது. ஒரு சந்தேகம் தீர்ந்தால் மனுஷருக்கு நிம்மதி வர வேண்டும். அவளுக்கு அந்த இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. பெண் இல்லை, வேகம் இல்லை, பின்னே வண்டிக்குள் தலையைக் குனிந்து என்னதான் செய்கிறார்? நாளைக்கு மலைப்பாதை வேறு.

அன்று மாலை அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கவில்லை. வாசல் படியிலேயே நின்றாள். வண்டி திருப்பத்தில் வந்ததும் மதில் ஓரம் ஒதுங்கினாள். நின்றதும் நேரே போய் எஞ்சினுக்கு மேல் மூடியில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்புதான். அடித்து ஓட்டிய வண்டி கை வைக்க விடாது. பக்கத்துக் கதவைத் திறந்தாள், தலையை இடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, அந்தப் பள்ளச் சீட்டுக்குள் இறங்கி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

அவர் வலது கால் ஷூவைக் கழற்றியிருந்தார். இரண்டு கையையும் முழங்காலுக்கு அடியில் கொடுத்து அந்தக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். வேறு யாருடைய காலையோ தூக்குகிற மாதிரி இருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"டர்போ ஆறட்டும்னு..."

"டர்போ உங்க ஷூவுக்குள்ளயா இருக்கு?"

அவர் காலை விட்டார். அது தொப்பென்று விழுந்தது. எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கைநீட்டி அணைத்தாள்.

"எப்போலேர்ந்து?"

"குளிருக்கு முன்னாடி. இடுப்புல ஆரம்பிச்சுது. இப்ப முட்டிக்குக் கீழ மண்ணை அடைச்ச மாதிரி இருக்கு. வண்டில உட்கார்ந்தா இன்னும் மோசம். மிதிச்சேனா இல்லையான்னு வண்டி நகந்தப்புறம்தான் எனக்கே தெரியுது." பாதத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "கொஞ்ச நேரம் தேச்சுவிட்டா நடக்க வந்துடும். நொண்டிட்டு உள்ள வந்தா நீ கேப்பேன்னுதான்."

"அதான் டர்போ கட்சியா?"

அவர் தலையை ஆட்டினார். "டர்போன்னா லேட்டாத்தான் வரும்னு எல்லாருக்கும் தெரியும். பக்கத்துல உட்கார்றவன் எஞ்சினைத் திட்டுவான், என்னைத் திட்ட மாட்டான். நேச்சுரல் விடாது. காலு என்ன பண்ணுதோ அப்படியே காட்டிக்குடுத்துடும்."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரையெல்லாம் பிரித்துப் பார்த்தவள், ஒரே பாயில் படுக்கிறவரின் காலைப் பார்க்கவில்லையே என்று தன் மேலும் கொஞ்சம் வந்தது. அதை அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"நீ விடுவியா? டாக்டர், மருந்து, வேலையை விடுன்னு ஆரம்பிச்சுடுவே. எனக்கு ஓட்டறதத் தவிர வேற என்ன தெரியும்? உன் தம்பியும் ஆசையா அந்தச் சிவப்பு வண்டிய வாங்கிக் குடுத்துட்டான். நாளைக்கு ஒரு நாள் மெதுவாப் போயிட்டு வந்துடறேன். அப்புறம் நானே சொல்லிடறேன்."

"மலைல எறக்கத்துல பிரேக்கு எந்தக் காலு?"

அவர் ஷூவை எடுத்து மாட்டத் தொடங்கினார்.

"எந்தக் காலுன்னு கேக்கறேன்."

"இதே காலுதான்."

"அப்ப நாளைக்கு முதலாளிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்" என்றார்.

அவள் நம்பவில்லை. ராத்திரி சாப்பாட்டில் தம்பி சிவப்பு வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவர் ம், ம் என்றார். ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போகும்போது பின்னாலிருந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கண்ணில் படாதது இப்போது பளிச்சென்று தெரிந்தது. பாதத்தின் முன்பக்கம் தரையில் உரசியது.

காலையில் பட்டறை முற்றத்தில் சிவப்பு வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். முதலாளி கையில் சாவி. தம்பி கல்யாண மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டு வந்திருந்தான். அவள் கொட்டகை வாசலில் நின்றாள். கையில் கத்தரிக்கோல், வெட்ட வேண்டிய துணி எதுவும் இல்லை.

"ஒரு சுத்து சுத்திட்டுக் கிளம்பு" என்று முதலாளி சாவியைக் கொடுத்தார்.

அவர் வாங்கிக்கொண்டார். சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தார். பார்த்தாயா, பொய்தான் என்று அவள் மனசு கருவியது.

எஞ்சின் எழுந்தது. வண்டி நகரவில்லை. பிறகு ஒரேயடியாக அலறிக்கொண்டு ஒரு தாவல் தாவி, குலுங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் அணைந்து நின்றது. தொட்டிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு வாளி வைக்கத்தான் இடம் இருந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான், தன் குழந்தை விழுந்த மாதிரி.

முதலாளி சிரித்தார். "டர்போ ஓட்டி ஓட்டிக் காலு கெட்டுப்போச்சுய்யா உனக்கு. மலை ஏறினா சரியாயிடும்."

"நான் சொன்னேன்ல முதலாளி, டர்போக்காலு" என்றான் தம்பி.

பொய்யை யாரோ சமைத்து, தட்டில் போட்டு, கையிலும் கொடுத்துவிட்டார்கள். அவர் எடுத்துக்கொண்டால் போதும். அவர் ஜன்னல் வழியே அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. வாயைத் திறந்தால் தானே சொல்லிவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா முதலாளி, பழக்கம்..." என்று சிரித்தார் அவர். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அதற்குள் அவர் சாவியை உருவி வெளியே நீட்டினார். "பழக்கம் இல்ல. டர்போவும் இல்ல. எனக்கு வலது காலு வரமாட்டேங்குது. ரொம்ப நாளா."

முதலாளியின் முகம் மெதுவாகச் சிவந்தது. "இந்தக் காலோடயா ஊரார் வண்டியெல்லாம் ஓட்டினே?"

"மெதுவாத்தான் ஓட்டினேன்."

"அதான் பாத்தேன், ஒரு வண்டியோட டயரும் தேயல." கோபமா வருத்தமா என்று தெரியாத குரல். "முதல்ல காலைக் கொண்டுபோய்க் காட்டு. அப்புறம் பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம், வேலை இருக்கிறது என்றா, இல்லை என்றா என்று அவளுக்கு உடனே ஒரு சந்தேகம் முளைத்தது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

தம்பி பக்கத்தில் வந்து நின்றான். காதெல்லாம் சிவந்திருந்தது. "மாமா, அத்தனை பேர் முன்னாடி நான் உங்க காலை..."

"விடு மாப்ளே. லேட்டாத்தானே வருது, நீ வெச்ச பேருல என்ன தப்பு." சாவியை அவன் கையில் வைத்தார். "நீ ஓட்டிட்டுப் போ. நீ கோத்த எஞ்சின். எறக்கத்துல பிரேக்கையே நம்பாத, கியரக் கொறச்சு எறக்கு."

தம்பி அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு ஏறினான். வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பும் வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வண்டியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது நிஜம்தானா, இல்லை இதற்கு உள்ளேயும் ஏதாவது அடைத்து வைத்திருக்கிறாரா?

ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனார்கள். ஜன்னல் சீட்டை அவருக்கு விட்டாள். இரண்டு நிறுத்தம் வரைக்கும் பொறுத்தாள்.

"வலது காலு மட்டும்தானா?"

"மட்டும்தான்."

"இடதுல ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா. எத்தன தடவ கேப்பே."

அவள் தலையை ஆட்டினாள். வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, செருப்புக் காலால் அவருடைய இடது பாதத்தை நங்கென்று மிதித்தாள். அவர் ஐயோ என்று துள்ளி எழுந்த வேகத்தில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இது உடனே வருது" என்று சொல்லிவிட்டு, அவள் டிக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.